ஏற்காட்டுச் சரிவில் மரத்தளம்: பைன் தாங்குமா?

கேள்வி இதுதான். நாகலூர் பக்கம் சரிவில் வீடு கட்டி முடித்திருக்கிறீர்கள். பின்பக்கம், பள்ளத்தாக்கைப் பார்த்தாற்போல 20 அடிக்கு 12 அடியில் ஒரு மரத்தளம் போட ஆசை. சேலத்து மரக்கடையில் 'ட்ரீட்டட் பைன் வாங்கிக்குங்க, கரையான் தொடாது, மழையும் ஒன்றும் செய்யாது' என்கிறார்கள். ஊர் ஆசாரி தேக்கைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்கிறார். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையையும் மலைப்பாதையில் சரிந்த மண்ணையும் பார்த்த பிறகு, வீட்டிலுள்ளவர்களுக்கு மரத்தளமே வேண்டுமா, காற்று பிய்த்துக்கொண்டு போய்விடுமே என்று பயம். யார் சொல்வது சரி?

போடலாம். பைனிலேயே போடலாம். ஆனால் ஏற்காட்டில் நான் பழுதுபார்க்கப் போய்ப் பிரித்துப் போட்ட மரத்தளங்களில் ஒன்றுகூட நல்ல நிலையில் இருந்தபோது காற்றால் போனதில்லை. எல்லாம் உள்ளே மக்கிப்போனவை. மக்கிய இடத்தில் ஒரு காற்று வந்து தட்டியிருக்கும், அவ்வளவுதான். புயல் வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ நாள். பனிமூட்டம் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். ஏற்காட்டுக்குத் தென்மேற்குப் பருவமும் உண்டு, வடகிழக்கும் உண்டு. நடுவில் மரம் காய்வதற்கு மலை நேரமே கொடுப்பதில்லை. அதனால் இந்தப் பதிலில் முக்கால்வாசி ஈரத்தைப் பற்றித்தான்.

முதலில் அந்த 'ட்ரீட்டட்' என்ற சொல். கடையில் இது பல அர்த்தத்தில் புழங்குகிறது. கப்பலில் வந்திறங்கிய மரத்துக்குப் பூச்சி வராமல் புகை போட்டிருந்தால் அதையும் ட்ரீட்டட் என்பார்கள். பேலட்டுகளிலும் பாக்கிங் பெட்டிகளிலும் 'ஹெச்டி' என்று முத்திரை இருக்கும். கட்டையின் நடுப்பகுதிவரை 56 டிகிரிச் சூட்டில் 30 நிமிடம் இருந்தது என்பதற்கு அது அடையாளம். உள்ளே இருந்த புழு செத்திருக்கும், சரி. நாளைக்கு வரப்போகிற கரையானுக்கும் பூஞ்சைக்கும் அது விருந்துதான். ரப்பர் மரத்துக்குப் போரான் மருந்து ஏற்றியிருப்பார்கள். கட்டில், மேசைக்கு நல்லது. ஆனால் போரான் தண்ணீரில் கரைவது. மழையில் நின்றால் மரத்தைவிட்டு வெளியேறிவிடும்.

உங்களுக்கு வேண்டியது அழுத்தத்தில் மருந்து ஏற்றிய மரம். கட்டைகளை ஒரு பெரிய இரும்பு உருளைக்குள் தள்ளி, கதவை அடைத்து, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். பிறகு செம்பு கலந்த மருந்து நீரை உள்ளே விட்டு அழுத்தம் கொடுப்பார்கள். காற்று இருந்த நுண்ணறைகளில் மருந்து போய் உட்காரும். கடைசியில் மறுபடி உறிஞ்சி, மிச்சத்தை வடித்து எடுப்பார்கள். இதற்காக உலகம் முழுக்க ஓடிய சி.சி.ஏ. மருந்தைக் கண்டுபிடித்தவர் நம் நாட்டுக்காரர்: சொன்டி காமேசம், டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில், 1933-இல். செம்பு, குரோமியம், ஆர்செனிக் மூன்றும் சேர்ந்தது அது. ஆர்செனிக் இருப்பதால் 2003-ஆம் ஆண்டு முடிவோடு அமெரிக்காவில் வீட்டு உபயோக மரத்துக்கு அதை நிறுத்திவிட்டு, ஏ.சி.க்யூ., காப்பர் அசோல் போன்ற ஆர்செனிக் இல்லாத மருந்துகளுக்கு மாறிவிட்டார்கள். குழந்தைகள் தவழும் தளம், கை படும் கைப்பிடி என்றால் நீங்களும் இவற்றையே கேளுங்கள்.

நியூசிலாந்து பைன் என்றால் கட்டையில் தர எண் இருக்கிறதா பாருங்கள். ஹெச்3.2 என்றால் வெளியில், மண்ணைத் தொடாத இடத்துக்கு. ஹெச்4 மண்ணைத் தொடும் இடத்துக்கு. மேலே வரும் பலகைக்கும் அதைத் தாங்கும் விட்டத்துக்கும் முதலாவது போதும். தரைக்குப் பக்கத்தில் வரும் எதற்கும் இரண்டாவது.

இங்கேதான் உங்கள் ஆசாரியோடு எனக்கு ஒரு வழக்கு. நம் ஊரில் மரம் என்றால் வைரம், அதாவது நடுவிலுள்ள கெட்டிப் பகுதி, பாய்ந்திருக்க வேண்டும். அதைச் சுற்றியுள்ள வெள்ளையை, அதாவது வெளிறை, செதுக்கி எறிவார்கள். தேக்கில் அது முழுக்கச் சரி; தேக்கின் காப்பு அதன் வைரத்தில்தான் இருக்கிறது. மருந்தேற்றிய பைனில் கதை தலைகீழ். மருந்து ஏறுவது வெள்ளையில்தான். வைரப் பகுதி மருந்தை உள்ளே விடாது, அதற்குத் தேக்குபோலச் சொந்தக் காப்பும் கிடையாது. ஆசாரி பைன் கட்டையை எடுத்து, பழக்கத்தில் வெள்ளையைச் செதுக்கிவிட்டு நடுவை வைத்துக்கொண்டால், மருந்தைக் குப்பையில் போட்டுவிட்டு வெறும் மரத்தைத் தளத்தில் ஏற்றியதாக ஆகும்.

4 அங்குலச் சதுரக் கட்டை ஒன்றைக் குறுக்கே அறுத்துப் பாருங்கள். வெள்ளரிக்காயை வில்லை போட்டதுபோல இருக்கும். சுற்றிலும் பச்சை, நடுவில் வெளிறிய மஞ்சள். அந்தப் பச்சை வளையம்தான் நீங்கள் காசு கொடுத்து வாங்கியது. அறுத்த முகத்தில் அந்த மஞ்சள் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. மரம் தண்ணீரைக் குடிப்பதே முனை வழியாகத்தான். ஆக ஒவ்வொரு வெட்டுக்கும், ஒவ்வொரு துளைக்கும் அங்கேயே, அப்போதே மருந்து தடவ வேண்டும். காப்பர் நாப்தனேட் என்று கேளுங்கள். தூரிகையால் இரண்டு முறை, முனை குடிக்கும் வரை.

பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நான் போட்ட ஒரு தளத்தில் இதைக் கோட்டைவிட்டேன். மருந்து டப்பா சைட்டில்தான் இருந்தது. முதல் நாள் தடவினார்கள். இரண்டாம் நாள் நான் சேலம் இறங்கிவிட்டேன். 'மரத்துக்கே மருந்து ஏத்தியிருக்குன்னீங்க, அறுத்த எடத்துல மறுபடி எதுக்குங்க சார்?' என்று ஆசாரி கேட்டது நியாயமான கேள்வி. பதில் சொல்ல நான் அங்கே இல்லை. ஏழு வருஷம் கழித்துப் போனால் மேலே பலகைகள் கல்லுபோல இருக்கின்றன. கீழே குனிந்து ஒரு விட்டத்தின் முனையில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன். வெளியே அரை அங்குலம் உறுதி. அதைத் தாண்டியதும் கேக்கில் கத்தி இறங்குவதுபோலப் பிடிவரை இறங்கிவிட்டது. இழுத்தபோது முனையில் ஈரமான காப்பி சக்கை நிறத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அந்தக் கட்டைக்கு ஒரு குறையும் சொல்லமுடியாது. முதல் நாள் மருந்து தடவிய முனைகள் எல்லாம் நன்றாக இருந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இணைப்பு விஷயமும் இதை ஒட்டியதே. கதவு நிலைக்குச் செய்வதுபோலத் துளையடித்து நாக்குச் செருகி முளை அடிப்பது நம் ஆசாரிகளின் பெருமை. வீட்டுக்குள் அதற்கு ஈடில்லை. வெளியில் அந்தத் துளை ஒரு கிண்ணம், தண்ணீர் நிற்கும். கொத்தினாலே பச்சை வளையம் போய்விடும் என்பது வேறு. கொத்தாமல், செதுக்காமல், விட்டத்தை அதற்கு அடியில் வரும் உத்திரத்தின் மேல் அப்படியே உட்காரவைத்து இரும்பு ஆங்கிள், போல்ட், வாஷரால் கட்டச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார். பரவாயில்லை.

உத்திரம், விட்டத்தின் மேல்முகத்தில் பியூட்டைல் டேப், அதாவது நீர் இறங்காமல் அடைக்கும் பிசின் நாடா, ஒட்டிவிடுங்கள். ஸ்க்ரூ இறங்கும் ஓட்டைகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. விலையோடு ஒப்பிட்டால் மொத்த வேலையில் இதைவிடப் பலன் தரும் பொருள் வேறில்லை.

அடுத்து, சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் நடுவில் இருக்கும் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏப்ரலில் சேலத்துக் கடை முற்றத்தில் கிடக்கும் பலகை அப்பளமாகக் காய்ந்திருக்கும். அதையே லாரியில் ஏற்றி 1,500 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோய் இடைவெளி விடாமல் அடித்தால், ஜூலைப் பனிமூட்டத்தில் உப்பும். 140 மில்லிமீட்டர் அகலப் பலகையின் ஈரம் 10 சதவீதத்திலிருந்து 18-க்கு ஏறினால், ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் அகலமாகும். வீட்டிலிருந்து வெளியே நீளும் 12 அடிக்கு 25 பலகைக்கு மேல் வரும். எல்லாம் சேர்ந்து தள்ளினால் பலகை கவிழும், ஸ்க்ரூ தலை அறும். எதிர்ப்பக்கமும் உண்டு. மருந்தேற்றிய கையோடு, காயவைக்காமல் வந்த பலகை ஈரத்தில் கனக்கும். அதை அடித்த பிறகு சுருங்கி, இடைவெளி விரல் நுழையும் அளவுக்கு அகன்றுவிடும். மருந்தேற்றிய பிறகு சூளையில் உலர்த்தியதா என்று கேட்டு வாங்குங்கள். எப்படி இருந்தாலும் மரத்தை மூன்று வாரம் முன்பே மேலே ஏற்றி, கூரையின் கீழ், அடுக்குக்கு அடுக்கு ரீப்பர் துண்டு வைத்து, காற்று ஓடுவதுபோல அடுக்கி வையுங்கள். மரம் அந்த ஊருக்குப் பழகட்டும்.

பலகைக்குப் பலகை எவ்வளவு விடுவது? புத்தகத்தில் 6 மில்லிமீட்டர் என்றுதான் இருக்கும். ஏற்காட்டில் சில்வர் ஓக் இல்லாத காப்பித் தோட்டம் ஏது? அதன் சருகு வருஷம் முழுக்க விழும், இடுக்கில் போய் அடைத்துக்கொண்டு ஸ்பாஞ்சுபோல நீரைப் பிடித்துவைக்கும். மரத்தடியில் தளம் என்றால் 8 விடுங்கள். சைட்டில் மிச்சம் கிடக்கும் 8 மில்லி கம்பித் துண்டையே நடுவில் வைத்து அடித்துக்கொண்டு போகலாம், அளவு கருவி எதுவும் வேண்டாம்.

ஸ்க்ரூ. ஜிப்சம் போர்டுக்கு அடிக்கும் கறுப்பு ஸ்க்ரூவை எல்லாவற்றுக்கும் போடும் பழக்கம் எப்படியோ வந்துவிட்டது. மருந்திலிருக்கும் செம்பும் மழையும் சேர்ந்தால் சாதாரண இரும்பையும் மெல்லிய துத்தநாகப் பூச்சையும் தின்றுவிடும். புதுவகை மருந்துகளில் செம்பு கூடுதல், அரிப்பும் கூடுதல். 304 தர ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ போடுங்கள். கடல் காற்று இல்லாத ஊர், அதற்கும் மேலான 316 தரம் தேவையில்லை. போல்ட்டும் ஆங்கிளும் உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்ததாக இருக்கட்டும். மஞ்சளாகப் பளபளக்கும் பூச்சு வேண்டாம். அலுமினியம் நேரடியாக இந்த மரத்தில் படவே கூடாது. ஸ்டெயின்லெஸ் தகடு உருட்டும் ஆலையைப் பக்கத்திலேயே, சேலத்தில், வைத்துக்கொண்டு கறுப்பு ஸ்க்ரூ அடிப்பதை என்னவென்று சொல்ல?

கடக்காலுக்கு, அதாவது அஸ்திவாரத்துக்கு, வருவோம். தளத்தை வீட்டுச் சுவரில் கோத்துத் தொங்கவிடாதீர்கள். வெளிநாடுகளில் மரத்தளங்கள் இடிந்து விழும்போது பெரும்பாலும் காரணமாக இருப்பது அந்தச் சுவர் இணைப்புதான். நம் வீட்டுச் சுவர்கள் செங்கல், ஹாலோ பிளாக், பழைய பங்களா என்றால் கல்லும் சுண்ணாம்பும், போல்ட்டை நம்பமுடியாது. சுவரிலிருந்து ஓரங்குலம் விட்டு, தனியாகத் தன் காலில் நிற்கட்டும். மரத்தூணும் வேண்டாம் என்பது என் கட்சி. நம் கொத்தனார்கள் கான்கிரீட் தூணை நன்றாக எழுப்புவார்கள். உத்திர மட்டம் வரை கான்கிரீட்டே வரட்டும். மேலே இரும்புத் தகடு, அதன்மேல் உத்திரம். மரத்தைக் கான்கிரீட்டுக்குள் புதைத்தால் சுற்றிலும் நீர் நின்று, தூண் தரை மட்டத்தில் கத்தியால் சீவினாற்போல இற்றுவிடும்.

வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டும்போது ஒன்று கவனியுங்கள். வீட்டுக்காக மலையை வெட்டிய மண்ணைப் பள்ளத்துப் பக்கம் தள்ளி மட்டம் செய்திருப்பார்கள். தளம் சரியாக அந்த நிரப்பு மண்மேல்தான் வரும். ஃபெஞ்சலின்போது ஏற்காட்டில் ஒரே நாளில் 200 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. நிரப்பிய மண் அப்படி ஒரு நாளில் கிளம்பிவிடும். நிரப்பைத் தாண்டி, இயற்கையான கெட்டி மண்ணோ பாறையோ தட்டும் வரை தோண்டுங்கள். எட்டடி ஆனாலும் ஆகட்டும். கூரைத் தண்ணீரைக் குழாய் வைத்துத் தளத்தையும் இந்தக் குழிகளையும் தாண்டிக் கொண்டுபோய் விடுங்கள்.

அளவு: வீட்டிலிருந்து வெளியே நீளும் 12 அடிக்கு மூன்று வரிசை உத்திரம், 6 அடிக்கு ஒன்று. அதன்மேல் 6 அங்குலத்துக்கு 2 அங்குல விட்டங்கள், 16 அங்குலத்துக்கு ஒன்று. சதுர மீட்டருக்கு 300 கிலோ என்று கணக்கு வைப்போம். பொங்கலுக்குச் சொந்தபந்தம் மொத்தமும் ஒரே மூலையில் நின்று படம் எடுக்கும். உத்திரத்தின் கனத்தை உங்கள் பொறியாளர் தூண் இடைவெளியைப் பார்த்து முடிவு செய்யட்டும். மலைப்பகுதி கட்டட அனுமதியில் இதையும் வரைபடத்தில் காட்டிவிடுங்கள்.

இனிக் காற்று. மேலே சொன்ன கணக்கில் உங்கள் தளம் ஆறரை டன்னுக்கு மேல் தாங்கவேண்டும். ஆனால் அதன் சொந்த எடை 600, 700 கிலோதான் வரும். பள்ளத்திலிருந்து சரிவேறி வரும் காற்று அடியிலிருந்து முட்டும்போது அந்த எடை ஒரு பொருட்டே அல்ல. கட்டடக் காற்றுச் சுமைக்கான இந்தியத் தரக்குறிப்பு 875, பகுதி 3-இல் மலைச் சரிவுக்கும் முகட்டுக்கும் என்றே ஒரு பெருக்கு எண் வைத்திருக்கிறார்கள். அதிகபட்சம் 1.36. இது வேகத்துக்கு. அழுத்தம் வேகத்தின் இருமடியில் ஏறும் என்பதால், சமவெளியில் 100 கிலோவாக அழுத்தும் காற்று முகட்டில் ஏறக்குறைய 185 கிலோவாகிவிடும். பலகை இடைவெளிகள் காற்றைக் கொஞ்சம் வடியவிடும், அது நமக்கு நல்லது. மிச்சத்தைப் பிடித்துவைப்பது இணைப்புகள்தான். பலகை விட்டத்தை, விட்டம் உத்திரத்தை, உத்திரம் தூணை, தூண் கடக்காலை, ஒவ்வொன்றும் மேலே கிளம்பவிடாமல் பிடித்திருக்கவேண்டும். ஆணி கீழ்நோக்கிய எடைக்குப் போதும், மேல்நோக்கி இழுத்தால் உருவிக்கொண்டு வரும். எந்த இடத்திலும் ஆணியை நம்பாதீர்கள்.

தூண் உயரமாக இருந்தால் பக்கவாட்டு ஆட்டத்துக்குக் குறுக்குக் கட்டை கொடுங்கள். கைப்பிடி ஒரு மீட்டருக்குக் குறையாமல், கம்பிகளுக்கு நடுவே 10 சென்டிமீட்டருக்குள். கைப்பிடித் தூணை ஸ்க்ரூவில் நிறுத்தாமல் ஊடுருவும் போல்ட்டில் நிறுத்துங்கள். குழந்தை சாய்வதற்கு முன்பே குரங்குகள் கூட்டமாக வந்து சோதனை செய்துவிடும்.

தளத்தின்மேல் கூரை போடும் எண்ணம் இருந்தால் மறுபடி யோசியுங்கள். ஏற்காட்டில் பயப்பட வேண்டிய காற்று டிசம்பரில் மட்டும் வருவதில்லை. ஏப்ரல், மே மாத மாலைகளில் இடியோடு வரும் சூறை பத்தே நிமிடத்தில் வேலையைக் காட்டிவிடும். தெரிந்த விடுதி ஒன்றில் அப்படித்தான் பாலிகார்பனேட் கூரை கழன்று, கூடவே கைப்பிடியையும் இழுத்துக்கொண்டு காப்பிச் செடிகளுக்கு நடுவே போய் விழுந்தது. தளம் அசையவில்லை. கூரை காற்றுக்கு ஒரு கப்பல் பாய். வேண்டுமென்றால் அதற்குத் தனித் தூண், தனிக் கடக்கால். தலைக்குமேல் நீட்டிக்கொண்டிருக்கும் சில்வர் ஓக் கிளைகளையும் முன்கூட்டியே கழித்துவிடுங்கள். காற்றில் அது வளையாது, முறியும்.

பராமரிப்பு பெரிய விஷயமில்லை. வார்னிஷ், பாலியூரித்தேன் என்று படலமாக நிற்கும் எதையும் பூசாதீர்கள். விரிசலில் இறங்கிய நீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே அழுகவைக்கும். மரத்துக்குள் இறங்கும் எண்ணெய் வகை போதும், வருஷம் ஒருமுறை, பிப்ரவரியில். அப்போதுதான் மரம் காய்ந்திருக்கும், காப்பி பூக்கவைக்கும் மழைக்கும் இன்னும் நாள் இருக்கும். பாசி பிடித்தால் தேய்த்துக் கழுவுங்கள். தளத்துக்கு அடியில் ஜல்லி பரப்பிக் காலியாக விடுங்கள். அங்கே விறகும் காப்பி மூட்டையும் அடுக்கி, சாரல் அடிக்கிறது என்று சுற்றிலும் தகடு அடித்து அடைத்தால், நான் மேலே சொன்னது அத்தனையும் வீண்.

துண்டுத் துணுக்குகள் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். மலையில் மிச்ச மரம் என்றால் யாராவது அடுப்புக்கு எடுத்துப்போவார்கள், குளிர் காய்வார்கள். மருந்தேற்றிய மரத்தை எரித்தால் புகையும் சாம்பலும் விஷம், சி.சி.ஏ. என்றால் ஆர்செனிக். தூளைக் காப்பிச் செடிக்கும் போடக்கூடாது, கோழிக் கூண்டிலும் பரப்பக்கூடாது. சாக்கில் கட்டிக் கீழே கொண்டுவந்துவிடுங்கள். அறுப்பவர்களுக்கு முகக்கவசமும் கையுறையும் வாங்கிக்கொடுங்கள்.

தேக்கு? வைரம் மட்டுமே உள்ள பழைய தேக்கு கிடைத்து, பணமும் இருந்தால் தாராளமாகப் போடுங்கள், நான் தடுக்கமாட்டேன். இன்று தேக்கு என்று வருவதில் பெரும்பகுதி இளம் தோட்டத் தேக்கு. பாதி வெள்ளை. அது மருந்தேற்றிய பைனுக்கு முன்னால் நிற்காது. உங்கள் தோட்டத்து சில்வர் ஓக்கையே அறுத்துப் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். எல்லாம் ஒழுங்காகச் செய்த பைன் தளத்திடம் 15, 20 வருஷம் எதிர்பார்க்கலாம்.

கடைசியாக, மரம் வந்து சேரும் நாளன்று நீங்களே மேலே இருங்கள். லோடு இறக்குவதற்கு முன் ஏதாவது ஒரு கட்டையை உருவி, முனையில் அல்ல, நட்டநடுவில் அறுக்கச் சொல்லுங்கள். முனையில் மருந்து எப்போதும் ஆழமாக ஏறியிருக்கும், அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. நடுவிலும் அந்த வெள்ளரிப் பச்சை சுற்றிவர இருந்தால் இறக்குங்கள். மேலே மட்டும் பச்சைச் சாயம் தெரிந்து, அறுத்த முகம் முழுக்க வெளுத்திருந்தால் லோடு அப்படியே திரும்பிப் போகட்டும். 20 வளைவு ஏறிவந்த டிரைவர் சத்தம் போடத்தான் செய்வார். ஒரு காப்பி வாங்கிக்கொடுத்து அனுப்பிவையுங்கள்.